பெட்ரோல் வரிசையில் ஒரு சவப்பெட்டி

முச்சனேட்டா: அதெல்லாம் நடக்காது தம்பி. ஒண்ணு பெட்டியைத் தொறந்து காட்டு. இல்லேன்னா வண்டியைத் திருப்பிக் கடைசியில போய் நில்லு. வரிசை சர்ச்சைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டிப் போயிருக்கு. நடந்து போனாலே மூச்சு வாங்கும்.

கரிகாய்: அக்கா, உள்ள இருக்கிறது எங்க அண்ணன். எனொக். செத்தவரைத் தொறந்து காட்டுன்னு நடுரோட்டுல கேக்குறீங்களே, நல்லாவா இருக்கு?

முச்சனேட்டா: நல்லா இல்லதான். அதுக்காக விட முடியுமா? ஹராரே முழுக்க இன்னிக்கு இந்த ஒரு பங்க்லதான் பெட்ரோல் வந்திருக்கு. நான்தான் இந்த வரிசைக்குத் தலைவி. விசில் யாரு கழுத்துல தொங்குது பாரு.

கரிகாய்: விசில் மாட்டினவங்கல்லாம் போலீஸா அக்கா?

முச்சனேட்டா: போலீஸும் இந்த வரிசையிலதான் நிக்குது. அதோ, அந்த வெள்ளை வண்டி. நேத்து என்கிட்ட வந்து, "அம்மா, வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வரட்டுமா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. சீக்கிரம் வாங்கன்னு அனுப்பி வச்சேன்.

லவ்மோர்: கரிகாய், நீ இரு, நான் பேசறேன். அக்கா பேரு என்ன?

முச்சனேட்டா: முச்சனேட்டா.

லவ்மோர்: அடேங்கப்பா! "நீங்கதான் களைச்சுப் போவீங்க"ன்னு ஒரு பேரு! யாரைக் குத்திக் காட்டி வச்சாரு உங்க அப்பா?

முச்சனேட்டா: பெரியப்பா வீட்டு ஆளுங்களை. சும்மா சும்மா வம்புக்கு வந்துக்கிட்டு இருந்தாங்க. நான் பொறந்தேன், பேரு வச்சாரு. அவங்க களைச்சுத்தான் போனாங்க. நீங்களும் களைச்சுப் போவீங்க. தொறங்க.

கரிகாய்: பங்க்ல போர்டு வச்சிருக்காங்களே அக்கா... சாவு வண்டியை முன்னால விடணும்னு.

முச்சனேட்டா: சாவு வண்டின்னு போடல. "பொணம் ஏத்தின வண்டி"ன்னு போட்டிருக்கு. ஒழுங்கா படி. அந்த போர்டு வச்சாலும் வச்சாங்க, இந்த ஏரியாவுல ஜனங்க கொத்துக் கொத்தா சாகுறாங்க தம்பி! மொத நாளு ஒருத்தர் செத்தாரு. மறுநாளு நாலு பேரு. நேத்து மத்தியானத்துக்குள்ள எத்தனை பெட்டின்னு எண்ண முடியல. காலரா வந்தப்பகூட இவ்வளவு வேகம் இல்ல.

லவ்மோர்: அவங்கல்லாம் பொய்யா இருக்கலாம் அக்கா, நாங்க...

முச்சனேட்டா: இரு, நான் பேசி முடிக்கல. ஒரு பெட்டியில வெறும் கேனு. பெட்டி நெறைய மஞ்சக் கேனு. இன்னொரு பெட்டியோட நாலு பொம்பளைங்க மண்ணுல பொரண்டு அழுதுக்கிட்டு வந்தாங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. பம்புக்குப் பக்கத்துல போனதும், பொணம் தும்முச்சு.

லவ்மோர்: தும்முச்சா!

முச்சனேட்டா: ஒரு தடவை இல்ல, மூணு தடவை. பெட்ரோல் நெடி ஏறிடுச்சாம். மூடியைத் தள்ளிட்டு எழுந்து உக்காந்து, "ஃபுல் டேங்க் போடச் சொன்னியா இல்லியா"ன்னு கேக்குறான். பெரிய வேடிக்கை என்னன்னா, சவப்பெட்டிக் கடைக்காரன் இப்பல்லாம் பெட்டியை விக்கிறதே இல்ல. மணிக்கணக்குக்கு வாடகை விடறான். அதே பெட்டி, அதே பித்தளைக் கைப்பிடி. காலையில அத்தை, சாயங்காலம் மாமா.

கரிகாய்: எங்க பெட்டி வாடகை இல்ல அக்கா. சொந்தப் பெட்டி. என் ஸ்பேனர் செட்டை வித்து வாங்கினது. நான் மெக்கானிக். ஸ்பேனரை வித்த மெக்கானிக் பொய் சொல்லுவானா?

முச்சனேட்டா: ...எந்த ஊருக்குக் கொண்டு போற?

கரிகாய்: ருசாபே பக்கம். கிராமத்துல குழி தோண்டி வச்சாச்சு. அம்மா குழியோரத்துலயே உக்காந்திருக்கா. இன்னிக்குள்ள எனொக்கை அங்க சேர்த்தாகணும். வேற எதுவும் எனக்கு வேணாம் அக்கா. நான் தின்னாமக் கெடந்தாலும் பரவாயில்ல, எங்க அண்ணன் எங்க மண்ணுல கெடக்கணும்.

முச்சனேட்டா: பேச்சு உருக்கமாத்தான் இருக்கு. நேத்து தும்மின ஆளோட பொண்டாட்டியும் இதைத்தான் சொன்னா. இரு, போன் அடிக்குது... ஹலோ... ஆமா சார், மொத எடம்தான்... ஆமா ஆமா, பம்பு தெரியுற தூரத்துல... வாங்க சார், பத்து மணிக்குள்ள வந்துடுங்க. சரி.

கரிகாய்: யாரு அக்கா?

முச்சனேட்டா: சொந்தக்காரரு. உனக்கு எதுக்கு? அது சரி, பெட்டிகிட்ட உக்காந்து சுட்ட சோளம் கடிக்கிறானே, இவன் யாரு?

கரிகாய்: லவ்மோர். எங்க குடும்பத்து சஹ்விரா.

முச்சனேட்டா: ஓ, சாவு வீட்டுல கேலி பண்ற சஹ்விராவா! நீங்க என்ன குலம்?

கரிகாய்: நாங்க சிங்கம்.

முச்சனேட்டா: இவன்?

லவ்மோர்: மீன் அக்கா.

முச்சனேட்டா: சரி, வேற குலத்துக்காரன்தான் சஹ்விராவா வரணும். முறை சரியா இருக்கு. எங்க அப்பா சாவுல எங்க சஹ்விரா என்ன பண்ணினான் தெரியுமா? அப்பாவோட கோட்டை மாட்டிக்கிட்டு, அவரு தொப்பியை வச்சுக்கிட்டு, அவரு மாதிரியே ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். நேரா எங்க அம்மா முன்னால நின்னு, "அடியே, பீருக்குக் காசு குடுடி, கல்லறையில தாகமா இருக்கு"ன்னான். அச்சு அசல் அப்பா குரல்! அதுவரைக்கும் தொண்டை கிழிய அழுத கூட்டம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அம்மா செருப்பைக் கழட்டி அவனை அடிச்சா. அடிச்சுட்டு அவளும் சிரிச்சா. அன்னிக்குத்தான் அவ சோறு தின்னா.

லவ்மோர்: பெரிய ஆளு அக்கா அவரு. தொழில் சுத்தம்.

முச்சனேட்டா: நீ ஏன் கம்முனு இருக்க?

லவ்மோர்: நானா?

முச்சனேட்டா: நீதான். பொணத்தோட வந்த சஹ்விரா வாயை மூடிக்கிட்டு உக்காந்து நான் பார்த்ததே இல்ல. செத்தவனைக் கேலி பண்ணத்தானே உன்னைக் கூட்டிட்டு வர்றாங்க? பண்ணு. உங்க எனொக் எப்படி நடப்பான், எப்படி இளிப்பான், யாருகிட்ட கடன் வாங்கிட்டு ஓடினான்... எடுத்து விடு. நான் சிரிச்சுட்டேன்னா பெட்டியைத் தொறக்க வேணாம். நேரா பம்புக்குப் போங்க.

கரிகாய்: கேட்டியாடா? பண்ணு!

லவ்மோர்: ...வேணாம் கரிகாய்.

கரிகாய்: டேய், அந்த சைக்கிள் கதையைச் சொல்லுடா. மாமனார் வீட்டுக்குப் பொண்ணு கேக்கப் போனப்ப ஆட்டுக்கெடா துரத்தினதை...

லவ்மோர்: எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன்.

முச்சனேட்டா: ஏன் மாட்ட?

லவ்மோர்: தொண்டை கட்டிக்கிச்சு அக்கா.

முச்சனேட்டா: இவ்வளவு நேரம் சோளம் எறங்குச்சே, அது எந்தத் தொண்டையில?

கரிகாய்: அக்கா, அவனுக்குத் துக்கம் அதிகம்... விடுங்க அக்கா.

முச்சனேட்டா: சஹ்விராவுக்குத் துக்கம் அதிகமானா கேலியும் அதிகமாகும். யாருக்குக் கதை விடற? டேய் லவ்மோர், என் மூஞ்சைப் பாரு. ஏன் மாட்ட?

லவ்மோர்: அக்கா... அதுக்கு ஒரு முறை இருக்கு. ஆளு முன்னால கெடக்கணும். அவன் காதுபடச் சொன்னாத்தான் அது கேலி. அவன் இல்லாத எடத்துல சொன்னா புறணி. பெட்ரோலுக்காக எனொக் மேல நான் புறணி பேச மாட்டேன்.

கரிகாய்: டேய்!

லவ்மோர்: ...ஐயோ.

முச்சனேட்டா: அவன் இல்லாத எடத்துலயா?

கரிகாய்: அக்கா, அவன் ஏதோ உளறுறான், ராத்திரி தூக்கம் இல்ல...

முச்சனேட்டா: தள்ளு. தள்ளுடா அந்தப் பக்கம்! ...டொக்கு டொக்குன்னு சத்தம் வருது. காலிப் பானை மாதிரி. காலி! உள்ள ஒரு எழவும் இல்ல! நான்கூட ஸ்பேனரை வித்தேன்னதும் கொஞ்சம் மனசு எறங்கிட்டேன் பாரு. அடப்பாவி, பெத்தவ குழியோரத்துல உக்காந்திருக்கான்னு சொன்னியே... பெத்தவளை வச்சுமா பொய் சொல்லுவ?

கரிகாய்: அது பொய் இல்ல.

முச்சனேட்டா: நான் ஒரு விசில் அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? இத்தனை வண்டிக்காரனும் எறங்கி வருவான். உன் பிக்கப்பைக் கவுத்துப் போட்டுட்டுப் பெட்டியை வெறகாக்கிச் சட்ஸாக் களி கிண்டுவாங்க.

கரிகாய்: அடிங்க அக்கா. ஆனா ஒண்ணு கேட்டுட்டு அடிங்க. எனொக் செத்தது நெசம். குழி தோண்டினது நெசம். பெட்டி மட்டும்தான் காலி. ஏன்னா அவன் ருசாபேயையும் தாண்டி, முட்டாரேல கெடக்கான்.

முச்சனேட்டா: முட்டாரேலயா?

கரிகாய்: மரம் அறுக்கிற மில்லுல வேலை பார்த்தான். காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனான், எழுந்திருக்கல. அங்க பொணவறையில கரண்ட் இல்ல. ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. நேத்து போன் பண்ணிச் சொல்லிட்டாங்க... இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள யாரும் வந்து எடுத்துட்டுப் போகலேன்னா, எல்லாரையும் ஒரே குழியில போட்டு மூடிடுவாங்களாம். பேரு கெடையாது. குலம் கெடையாது. யாரு மேல யாரு கெடக்கான்னே தெரியாது அக்கா.

முச்சனேட்டா: அப்புறம் எதுக்குடா காலிப் பெட்டியோட வந்த?

கரிகாய்: நான் மொதல்ல உண்மையைத்தான் சொன்னேன். முந்தாநாளே வந்து மேனேஜரைப் பார்த்தேன். "பொணம் எங்க"ன்னாரு. முட்டாரேல இருக்குன்னேன். "கொண்டு வா, பெட்ரோல் தரேன்"னாரு. பெட்ரோல் இல்லாம எப்படி சார் கொண்டு வர்றதுன்னேன். "அது உன் பிரச்சினை. கொண்டு வந்துட்டீன்னா உனக்குத்தான் மொத உரிமை, யாரும் தடுக்க முடியாது"ன்னு தோளைத் தட்டிக் குடுத்தாரு.

முச்சனேட்டா: கொண்டு வந்தப்புறம் எதுக்குடா பெட்ரோல்?

லவ்மோர்: அதையும் கேட்டோம் அக்கா. "ரூலை நான் எழுதல"ன்னாரு.

முச்சனேட்டா: பஸ்ஸுல போக வேண்டியதுதானே?

கரிகாய்: போயிடலாம். திரும்பி வர்றப்போ அண்ணனை மடியிலயா வச்சுக்கிட்டு வர்றது? பொணம் ஏத்தற வண்டிக்காரன் ஒவ்வொருத்தனையா கேட்டுட்டேன். அத்தனை பேரும் இதே வரிசையிலதான் நிக்கிறான். வரிசையில நானும் நின்னேன் அக்கா, நிக்காம வரல. போன தடவை டேங்கர் வந்தப்ப எனக்கு முன்னால நாலு வண்டி இருக்கையில தீந்து போச்சு.

முச்சனேட்டா: இதை மொதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா?

லவ்மோர்: சொன்னா நம்பியிருப்பீங்களா? காலிப் பெட்டியோட வந்து நெசமாவே செத்துட்டாருன்னா யாரு நம்புவா? தும்மினவன் கதையைத்தான் சொல்லியிருப்பீங்க.

முச்சனேட்டா: வாயைப் பாரு இப்ப. கேக்குறப்போ வரல.

லவ்மோர்: எனொக்கைப் பார்த்ததும் வரும் அக்கா. எல்லாம் சேர்த்து வச்சிருக்கேன். அந்த ஆட்டுக்கெடா கதையை அவன் காதுல சொல்லாம அவனை மூட விட மாட்டேன். அவங்க அம்மா சிரிக்கணும். சிரிச்சுட்டு ஒரு வாய் சோறு தின்னணும். அதுக்குத்தான் நான் போறேன்.

முச்சனேட்டா: ...இங்க பாருங்க. நான் விட்டாலும் பிரயோஜனம் இல்ல. நேத்து தும்மலுக்கப்புறம் மேனேஜரே பம்புல நின்னு டார்ச் அடிச்சு ஒவ்வொரு பெட்டியாப் பாக்குறாரு. உன் மூஞ்சி வேற அவருக்குத் தெரியும்.

லவ்மோர்: அப்ப நான் உள்ள படுத்துக்கறேன்.

முச்சனேட்டா: நீயா? ரெண்டு நிமிஷத்துல உள்ளேர்ந்து மேனேஜருக்கே பதில் சொல்லுவ நீ.

கரிகாய்: வேணாம்டா, விடு. நான் தள்ளிக்கிட்டே போறேன்.

முச்சனேட்டா: எதை?

கரிகாய்: வண்டியை. மேட்டுல தள்ளுவேன், பள்ளத்துல ஏறி உக்காருவேன்.

முச்சனேட்டா: முட்டாரே வரைக்குமா? பைத்தியமா உனக்கு? மலை இருக்குடா நடுவுல.

கரிகாய்: இருக்கட்டும். தள்ள முடிஞ்ச வரைக்கும் தள்ளுவேன். வண்டி நின்ன எடத்துலேர்ந்து பெட்டியைத் தலையில தூக்கிக்கிட்டு நடப்பேன். சாயங்காலத்துக்குள்ள சேர முடியாதுன்னு எனக்கும் தெரியும் அக்கா. ஆனா இங்க உக்காந்துக்கிட்டு அவனைக் குழியில தள்ள விட மாட்டேன். லவ்மோர், எறங்கி வந்து பின்னால கை வை.

முச்சனேட்டா: நில்லு.

கரிகாய்: வை கையை. ஒண்ணு... ரெண்டு...

முச்சனேட்டா: நில்லுடான்னா! இந்தப் பக்கம் திருப்பு. இந்த நீல வண்டி என்னுது. வரிசையில மொத எடம். அதுக்கு முன்னால கொண்டு வந்து நிறுத்து.

கரிகாய்: எதுக்கு?

முச்சனேட்டா: பொண வண்டியா போக வேணாம். வரிசை வண்டியா போ. பெட்டி மேல தார்ப்பாயைப் போட்டு மூடு. மேனேஜர் கேட்டா வரிசைத் தலைவி எடம் குடுத்தான்னு சொல்லு. வரிசையில வந்தவனுக்குப் பொணம் இருக்கா இல்லியான்னு கேக்க எந்த ரூலும் கெடையாது.

லவ்மோர்: பின்னால இருக்கிறவங்க சும்மா விடுவாங்களா அக்கா?

முச்சனேட்டா: என் எடம், நான் குடுக்குறேன். எவன் கேப்பான்? யோவ், வெள்ளை வண்டி! என்ன எட்டிப் பாக்குற? குளிச்சுட்டு வந்தீல்ல, பேசாம உக்காரு!

கரிகாய்: அப்ப நீங்க?

முச்சனேட்டா: எனக்கு அவசரம் இல்ல. இரு, போனு... ஹலோ... சார், இன்னிக்கு வராதீங்க... இல்ல சார், எடம் போயிடுச்சு... கூடுதலா குடுத்தாலும் இல்ல... கத்தாதீங்க சார், அடுத்த டேங்கர் வர்றப்போ பாக்கலாம். வச்சுடறேன்.

கரிகாய்: சொந்தக்காரரா?

முச்சனேட்டா: ஆமா. ரொம்ப தூரத்துச் சொந்தம். நீ ஏறு.

கரிகாய்: அது தப்பு அக்கா. எத்தனை நாளா கார்லயே சமைச்சு, கார்லயே தூங்கி இந்த எடத்தைப் புடிச்சு வச்சிருக்கீங்க. மொதல்ல நீங்க போய்ப் போட்டுக்கிட்டு வாங்க. உங்க பின்னாலயே நான் வரேன். ரெண்டு வண்டிக்கும் ஆகும். ஸ்டார்ட் பண்ணுங்க.

முச்சனேட்டா: வேணாம்னேன்.

கரிகாய்: ஏன் வேணாம்? பம்புல கூப்பிடறாங்க பாருங்க, கை காட்டுறாங்க. சாவி எங்க? பேட்டரி எறங்கிடுச்சா?

முச்சனேட்டா: ஆமா, பேட்டரிதான். நீ போ.

கரிகாய்: அட, அது ரெண்டு நிமிஷ வேலை! ஸ்பேனர் இல்லேன்னா என்ன, கை இருக்கே. லவ்மோர், அந்த ஒயரை எடு. அக்கா, பானெட்டைத் தூக்குங்க. இவ்வளவு பெரிய உதவி பண்ணின ஆளை ஓடாத வண்டியோட விட்டுட்டுப் போனா எனொக்கே என்னைத் திட்டுவான்.

முச்சனேட்டா: தம்பி, அதைத் தொடாத.

கரிகாய்: சும்மா பாக்குறேன் அக்கா. இந்தக் கொக்கிதானே...

முச்சனேட்டா: கையை எடு! மெதுவா பேசு, வெள்ளை வண்டிக்காரனுக்குக் கேக்கப் போகுது. அதுக்குள்ள எஞ்சினே இல்லடா. போன மழைக்காலத்துல என் வீட்டுக்காரர் புலவாயோ ஆஸ்பத்திரியில செத்துக் கெடந்தாரு. அவரை எடுத்துட்டு வர்றதுக்கு எஞ்சினைக் கழட்டி வித்தேன். வித்துக் காசோட போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க குழியை மூடிட்டாங்க. எந்தக் குழின்னுகூட எனக்குக் காட்டல. அன்னிலேர்ந்து இந்த வண்டிக் கூட்டை பங்க் பங்க்கா தள்ளிக்கிட்டுப் போய் நிறுத்தி, எடத்தை வித்துத்தான் நானும் என் புள்ளைங்களும் கஞ்சி குடிக்கிறோம். இதுவரைக்கும் யாருக்கும் சும்மா குடுத்ததில்ல. ஏறி ஓட்டுடா, உங்க அண்ணனாவது வீட்டுக்கு வரட்டும்.